எண்ணும் கோணமும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவைத் தமிழ் மக்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீண்டு செல்லும் அத்தெருவில், நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்து, தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்து வாழ்வோர் பலர். இன்றைய குமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பகுதியில் பிறந்து, வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதித் தம் வாழ்வைத் தொடங்கி, பின்னர்த் திருவிதாங்கூரின் திவானாக உயர்ந்த ராஜா கேசவதாஸ், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இந்தக் கம்போளத்தை அமைத்தார். அதனை அடுத்துள்ள வலியசாலைதான் ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச் சாலை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அது தனியே ஒரு பேச்சுக்கு உரிய பொருளாதலால் இங்கே அதற்குள் புகவில்லை. இத்தெருவிலேயே கடை நடத்திக்கொண்டு, இத்தெருவின் மாந்தரைத் தம் சிறுகதைகளில் உலவவிட்டவர் ஆ. மாதவன் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

நாம் இங்கே காண வந்தது ஒரு தராசையும், அதன் அருகே அடுக்கி வைத்த எடைக்கற்களையும். இந்நாளில் மின்தராசு வந்துவிட்டது. ஆயினும் கற்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அவற்றின் வரிசையைச் சற்று உற்று நோக்குவோம். 50 கிராம், 100 கிராம், 200 கிராம், 500 கிராம் என்று வகைக்கு ஒன்றாக வாங்கி வைத்த புதுக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். 350 கிராம் வரையில் அவர் இடரின்றி நிறுத்துவிடுவார். 400 கிராம் கொத்தமல்லி கேட்டு ஒருவர் வந்து நின்றால் திகைப்பார். கையிலுள்ள சிறு கற்கள் மூன்றையும் ஒன்றாகத் தட்டில் வைத்தாலும் 350-க்கு மேல் ஏறாது. அடுத்த கல்லோ 500. பழகிய கடைக்காரர் பொருள் இருக்கும் தட்டிலேயே 100 கிராம் கல்லையும் போட்டு, எதிர்த்தட்டில் 500-ஐ வைத்து ஒருவாறு சமாளிப்பார். ஆனால் முறையான வழி, 200 கிராம் கல்லை இரண்டாக வைத்துக்கொள்வதே. அதனால்தான் எடைக்கற்களின் தொகுதியை 1, 2, 2, 5 என்ற கணக்கில் வகுத்தனர். ஒரு தொகுதியின் பயன், அதில் எத்தனை கற்கள் உள்ளன என்பதில் இல்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே கைக்கு எட்டாத வெற்றிடம் விழாமல் இருப்பதில் உள்ளது.

மற்றொன்றும் உண்டு. அந்தக் கல்லின்மேல் பொறித்த எண்ணுக்கு அரசாங்கம் பிணை நிற்கிறது. முற்காலத்தில் துலாம், பலம், ராத்தல் என்றெல்லாம் நிறுத்தனர்; ஒரே பெயருடைய எடை ஊருக்கு ஊர் வேறுபட்டதும் உண்டு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப் பெற்று, நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதே ஆண்டின் இறுதியில் எடை அளவுச் சட்டம் நிறைவேறியது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அதன் பின்னர், சாலையில் வாங்கும் கிலோவும் நாகர்கோவிலில் வாங்கும் கிலோவும் ஒன்றே. காலந்தோறும் கல்லைச் சோதித்து முத்திரையிடுகிறார்கள். தேய்ந்த கல்லை வைத்து விற்பவர் தண்டனைக்கு உள்ளாவார்.

இனி, சாலையிலிருந்து வடகிழக்கே நான்கைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள கவடியாருக்குச் செல்வோம். அங்கே ஒன்பது குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் ஒன்று உண்டு. திருவிதாங்கூர் அரசகுடும்பத்தின் ஆதரவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றியதென்று சொல்லப்படும் அது, இந்தியாவின் பழைய கோல்ஃப் மைதானங்களுள் ஒன்று. அங்கே ஆடுவோர் தோளிலோ சிறு வண்டியிலோ கொண்டு செல்லும் பையிலும் ஒரு தொகுதி இருக்கிறது. பதினான்குக்கு மேற்படாத மட்டைகள். அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஓர் எண் பொறித்திருக்கும். எடைக்கல் தொகுதியைப் போலவே இதுவும் படிப்படியாக இறங்கி வரும் வரிசைதான். ஆனால் இந்த எண்களுக்குப் பின்னால் எந்தச் சட்டமும் இல்லை. முத்திரையிடும் அதிகாரியும் இல்லை. ஒருவருடைய ஒன்பதாம் எண் மட்டை மற்றொருவருடைய ஏழாம் எண் மட்டையாக இருக்கக்கூடும். இந்நிலை எவ்வாறு நேர்ந்தது, அதனால் ஆடுவோருக்கு என்ன இடர் விளைந்தது, அதனைக் கொல்லர் பட்டறைக்கு உரிய ஓர் எளிய வேலையால் எப்படிச் சீர்செய்கிறார்கள் என்பதே இன்றைய பொருள்.

இவ்விளையாட்டை அறியாத நேயர்களின் பொருட்டு ஒரு சொல். சிறு பந்தை மட்டையால் அடித்து, தொலைவிலுள்ள ஒரு குழியில் இயன்றவரை குறைந்த அடிகளில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். மட்டையின் முகம் செங்குத்தாக இருந்தால் பந்து தாழ்ந்து நெடுந்தூரம் செல்லும். பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் உயர எழும்பிக் கிட்டத்தில் வந்து விழும். இச்சாய்வை டிகிரி என்னும் பாகைக் கணக்கில் அளப்பர். மிகுந்த சாய்வுடைய குறுந்தூர மட்டைகளுக்கு வெட்ஜ் என்று பெயர். நூறு கஜத்துக்கு உட்பட்ட அடிகளுக்குப் பெரிதும் உதவுபவை இவையே. குழியைச் சூழ மழித்து வைத்த புல்தளம் பெரும்பாலும் முப்பது கஜ அகலத்துக்குள் அடங்கிவிடும். பத்துக் கஜம் குறைந்தால் முன்னுள்ள மணற்குழி. பத்துக் கஜம் மிகுந்தால் பின்னுள்ள புதர். நெடுந்தூர அடியில் பத்துக் கஜப் பிழையை யாரும் பொருட்படுத்தார்; வெட்ஜ் அடியில் அதுவே ஆட்டத்தின் முடிவை மாற்றிவிடும். ஒன்பது குழிகளே கொண்ட சிறு மைதானங்களில் இத்தகைய அடிகள் அடிக்கடி நேர்கின்றன.

தொடக்கத்தில் மட்டைகளுக்கு எண்களே இல்லை. ஸ்காட்லாந்தில் அவற்றைப் பெயர் சொல்லி அழைத்தனர். கிளீக், மாஷி, நிப்லிக் என்பன இரும்பு மட்டைகளின் பெயர்கள். அதற்கும் முன்னர் இரும்பு மட்டை அருகியே வழங்கியது. அக்காலத்துப் பந்து, வேகவைத்த இறகுகளைத் தோல் உறைக்குள் திணித்துத் தைத்தது. கைதேர்ந்த தொழிலாளியும் நாளொன்றுக்கு மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்ய இயலாது, விலையோ அதிகம். இரும்பு பட்டால் தோல் கிழிந்துபோகும். ஆதலின், வண்டித் தடத்தில் பந்து அகப்பட்டுக்கொண்டால் மட்டுமே இரும்பை எடுத்தனர். 1848-ஆம் ஆண்டளவில் மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் பிசினால் பந்து செய்யத் தொடங்கினர். அது மலிவானது, அடி தாங்கும், பிளந்தாலும் உருக்கி மீண்டும் உருட்டிக்கொள்ளலாம். அதன் பின்னரே இரும்பு மட்டைக்கு நல்ல காலம் பிறந்தது. 1868 முதல் நடைபெற்ற பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிகளில் தொடர்ந்து நான்கு முறை வெற்றி கண்ட இளைய டாம் மாரிஸ் என்னும் இளைஞர், வண்டித் தடத்துக்கென்று செய்த சிறு நிப்லிக்கைக் கொண்டு, பந்தை உயர எழுப்பிக் குழியருகே நிற்கச் செய்யும் வித்தையைக் காட்டினார். ஒருவகையில் பார்த்தால், இன்றைய வெட்ஜின் மூதாதை அதுவே.

அந்நாளைய இரும்பு மட்டைகளை உலைக்களத்தில் கொல்லர்கள் அடித்துச் செய்தனர். செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்து டாம் ஸ்டூவர்ட் என்ற புகழ்பெற்ற கொல்லர், தாம் செய்த தலைகளின் முதுகில் புகைக்குழாயின் உருவத்தைப் பொறிப்பார். நம் சாலைத் தெருவின் எடைக்கல் முத்திரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நேயர்கள் கவனிக்க வேண்டும். எடைக்கல் முத்திரை அளவுக்குச் சான்று. புகைக்குழாய் முத்திரை செய்தவருக்கு மட்டுமே சான்று. ஒரு கொல்லரின் மாஷியும் மற்றொருவரின் மாஷியும் ஒரே சாய்வுடையனவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் யாருக்கும் இழப்பும் இல்லை. ஏனெனில் ஆடுபவர் ஒவ்வொரு மட்டையாகப் பார்த்துப் பொறுக்கி, அடித்துப் பழகி, இன்ன மட்டை இவ்வளவு தூரம் போகும் என்று தம் கையால் அறிந்திருந்தார். பெயர் வெறும் அழைப்புச் சொல்லாகவே இருந்தது. பெயரை நம்பி யாரும் தூரத்தை முடிவு செய்யவில்லை.

இவ்விளையாட்டு இந்தியாவுக்கு மிக முன்னதாகவே வந்துவிட்டது. 1829-ஆம் ஆண்டில் நிறுவிய கல்கத்தாக் கோல்ஃப் கழகம், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது. பெங்களூரில் 1876-லும் கொடைக்கானலில் 1895-லும் கழகங்கள் ஏற்பட்டன.

எண்கள் வந்தது ஆலைகள் வந்த பிறகு. 1920-களில் அமெரிக்காவிலும், 1929-ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் எஃகுத் தண்டு விதிகளால் ஏற்கப் பெற்றது. ஹிக்கரி மரத்தண்டு ஒன்றைப்போல் ஒன்று இராது. எஃகுத் தண்டோ ஒரே வார்ப்பாக ஆயிரக்கணக்கில் கிடைக்கும். எனவே ஒழுங்காக இறங்கிவரும் மட்டைத் தொகுதியை ஆலையிலேயே செய்து, ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்டு விற்றனர். கிளீக்கும் மாஷியும் மறைந்தன. தொகுதி பெருகவே, பையில் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைத் திணித்துக்கொண்டு வருவோரும் தோன்றினர். அவற்றைச் சுமந்த சிறுவர்களின் தோள்களைக் கேட்டால் தெரியும். அமெரிக்கக் கழகம் 1938-லும் பிரிட்டிஷ் கழகம் 1939-லும் பதினான்குக்கு மேல் கூடாது என்று வரம்பிட்டன. அந்த வரம்பு இன்றும் நிலைத்திருக்கிறது. எத்தனை மட்டைகள் என்பதற்கு விதி செய்தார்கள். எந்த எண்ணுக்கு எந்தக் கோணம் என்பதற்கு மட்டும் அன்றும் விதி செய்யவில்லை, இன்றும் செய்யவில்லை. வேண்டுமென்றே விட்டார்களோ, தேவையில்லை என்று விட்டார்களோ, விட்டது விட்டதுதான்.

இதற்கிடையில் மணற்குழிக்கென்று தனி மட்டை பிறந்தது. ஜீன் சாரஸன் என்ற அமெரிக்க வீரர் மணலில் பந்து விழும்போதெல்லாம் துன்புற்றார். பழைய நிப்லிக்கின் கூர்மையான அடிவிளிம்பு மணலைக் கிழித்துக்கொண்டு உள்ளே புதைந்துவிடும். குழிந்த முகமுடைய மட்டை ஒன்றைச் சிலர் கையாண்டனர். 1931-ல் அதற்குத் தடை விதித்தனர். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த சாரஸன், வால் தகடு சாய்ந்தவுடன் விமானத்தின் மூக்கு மேலெழும்புவதைக் கண்டார். அக்கருத்தைக் கொண்டு நிப்லிக்கின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்து, பின்பக்கம் புடைக்குமாறு அராவிச் சரிசெய்தார். மணலில் அம்மட்டை புதையாமல் வழுக்கிக்கொண்டு வெளியேறியது. 1932-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஓப்பன் போட்டியில் அவர் வெற்றி பெற்றபோது இந்த மட்டை கையில் இருந்தது. போட்டிக்கு முன்னர் அதிகாரிகள் கண்ணில் படாதபடி அதைப் பையில் தலைகீழாக வைத்திருந்தார் என்பர். அடிப்பாகத்தின் அப்புடைப்பை இன்று பவுன்ஸ் என்று சொல்லி, அதையும் பாகைக் கணக்கில் அளக்கிறார்கள். பின்னர்ப் பேசவிருக்கும் வளைப்பு வேலைக்கு இது மிகவும் வேண்டிய செய்தி, மறந்துவிடலாகாது.

ஆக, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரிசை ஒழுங்காகவே இருந்தது. ஒன்பதாம் எண் ஏறத்தாழ 47 பாகை. பிட்சிங் வெட்ஜ் 51 அல்லது 52. சாண்ட் வெட்ஜ் 56. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நான்கைந்து பாகை. தூரத்தில் பத்துப் பன்னிரண்டு கஜம். எந்த இடத்திலும் வெற்றிடம் இல்லை.

பின்னர் எண் நின்ற இடத்திலேயே நிற்க, கோணம் நகரத் தொடங்கியது. இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது நேர்மையானது. 1960-களிலிருந்து மட்டைத் தலையின் முதுகைக் குடைந்து, எடையை ஓரங்களுக்கும் அடிக்கும் ஒதுக்கும் முறை பரவியது. எடை கீழே இறங்கவே பந்து முன்னிலும் உயரமாக எழும்பியது. பழைய உயரத்திலேயே அதைப் பறக்கவிட வேண்டுமானால் சாய்வைச் சற்றுக் குறைத்தாக வேண்டும். இரண்டாவது காரணம் வாணிகம். கடையில் இரண்டு ஏழாம் எண் மட்டைகளை எடுத்து அடித்துப் பார்ப்பவர், பத்துக் கஜம் கூடுதலாகச் சென்றதையே வாங்குவார். சாய்வைக் குறைத்துவிட்டு, எண்ணை மட்டும் மாற்றாமல் விட்டால் போதும், தூரம் கூடிவிடும். முன்பு 39, 40 பாகை இருந்த ஏழாம் எண் மட்டை, இப்போது பல தொகுதிகளில் 30 பாகையை ஒட்டி நிற்கிறது. அதற்கும் கீழே சென்றவையும் உண்டு. பிட்சிங் வெட்ஜ் 43, 44, 45 என்று ஆகிவிட்டது. பழைய கணக்கில் அது ஏறத்தாழ எட்டாம் எண் மட்டை. முழத்தின் நீளத்தைக் கூட்டி வைத்து, துணியின் முழம் குறைந்ததென்று மகிழ்வது போன்றது இது. இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன்; எண்ணுக்கு விதியே இல்லாதபோது மோசடி எங்கே? ஆனால் வாங்குபவர் எண்ணை அளவென்று நம்பியே வாங்குகிறார். அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர் அவரே.

அந்த விலை எங்கே விழுகிறது என்று பாருங்கள். எல்லா மட்டைகளும் மேல்நோக்கி நகர்ந்தன. சாண்ட் வெட்ஜ் மட்டும் நகரவில்லை. மணலிலிருந்து பந்தை மெல்ல எழுப்ப 55, 56 பாகை வேண்டும். விளம்பரத்துக்காக மணல் தன் இயல்பை மாற்றிக்கொள்ளாது. ஆகவே பிட்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் இடையே முன்பு நான்கைந்து பாகையாக இருந்த இடைவெளி பத்து, பன்னிரண்டு பாகையாகப் பிளந்தது. முப்பது கஜ வெற்றிடம்! முழு வீச்சில் ஒன்று புல்தளத்தைத் தாண்டும், மற்றொன்று எட்டாது. ஆட்டத்துக்கு மிகவும் வேண்டிய தூரத்தில், நம் கடைக்காரரின் 400 கிராம் சிக்கல் வந்து நின்றது. பொருள் தட்டில் கல்லைப் போடுவது போல, பெரிய மட்டையைப் பாதி வீச்சில் அடித்துச் சமாளிக்கலாம். பழகியவர் கைக்கு அது படியும். வாரம் ஒரு நாள் ஆடுபவர் கைக்கு, வியர்வை வழியும் போட்டி வேளையில், எளிதில் படியாது.

வெற்றிடத்தை அடைக்கப் புதிய மட்டை ஒன்றைச் செய்தனர். அதற்குச் சூட்டிய பெயரே கேப் வெட்ஜ், அதாவது இடைவெளி மட்டை. தாங்களே உண்டாக்கிய ஓட்டையின் பெயரையே, அதை அடைக்கும் தக்கைக்கும் சூட்டிவிட்டார்கள். மற்றொரு பக்கம், விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தில் இயற்பியலாளராக இருந்து, பின்னர்க் கோல்ஃப் ஆராய்ச்சியில் இறங்கிய டேவ் பெல்ஸ் என்பவர், குறுந்தூர அடிகளே ஆட்டத்தின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன என்று அளந்து காட்டினார். அவர் யோசனைப்படி டாம் கைட் என்னும் வீரர் 1980-களில் 60 பாகை வெட்ஜைப் பையில் சேர்த்து, அதைப் பலர் அறியச் செய்தார். கடிகார முள்ளைப் போல் கையை ஏழரை மணி, ஒன்பது மணி, பத்தரை மணி அளவுகளுக்கு உயர்த்தி வீசினால், நான்கு வெட்ஜ்களும் பன்னிரண்டு தூரங்களைத் தரும் என்பது பெல்ஸின் கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆயினும் நான்கு வெட்ஜ்களும் தம்முள் சரியான இடைவெளியில் அமைந்திருந்தால் மட்டுமே அது பலிக்கும்.

இங்கேதான் பட்டறை வேலை வருகிறது. ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவரிடம் தொகுதியோடு வந்த 44 பாகை பிட்சிங் வெட்ஜ் இருக்கிறது. தனியே வாங்கிய 52, 56 பாகை வெட்ஜ்களும் இருக்கின்றன. முழு வீச்சில் முதலாவது 115 கஜம், இரண்டாவது 90, மூன்றாவது 78. முதலிரண்டுக்கும் இடையே 25 கஜ இடைவெளி. பின்னிரண்டுக்கும் இடையே 12. அவர் செய்ய வேண்டியது 52 பாகை மட்டையை 50 பாகையாக நிமிர்த்துவதே. அது இப்போது 96 கஜம் போகும். இடைவெளிகள் 19, 18 என்று சமப்படும். நான்காவது வெட்ஜ் வாங்கும் செலவும் இல்லை. பதினான்கு என்ற வரம்புக்குள் ஓரிடமும் மிச்சம். ஒரு பாகைக்கு ஏறத்தாழ மூன்று கஜம் என்பது இவருடைய கணக்கு. வன்மையாக அடிப்பவருக்குச் சற்றுக் கூடும், மெல்ல அடிப்பவருக்குக் குறையும்.

நிமிர்த்துவது எப்படி? மட்டையின் முகத்தை யாரும் தொடுவதில்லை. தலையை இடுக்கியில் அசையாமல் பிடித்து, தண்டு நுழையும் கழுத்தில் நெம்புகோலை மாட்டி, கோணமானியைப் பார்த்துக்கொண்டே மெல்ல வளைப்பர். இரும்பின் குணம் அறியாமல் கை வைக்கலாகாது. கரி எஃகில் அடித்துச் செய்த தலை மிருது; நன்கு வளைந்து கொடுக்கும். கெட்டியான துருப்பிடியா எஃகில் வார்த்த தலை முறுக்கானது. ஒன்றிரண்டு பாகைக்கு மேல் வற்புறுத்தினால் கழுத்து முறிந்துவிடும். பொதுவாக இரண்டு பாகைக்கு மேல் போகாமல் இருப்பதே விவேகம்.

வரம்புக்கு மற்றொரு காரணம், சாரஸன் ஈயம் பற்றவைத்த அந்தப் புடைப்பு. சாய்வை ஒரு பாகை குறைத்தால் அடிப்புடைப்பும் ஒரு பாகை குறையும், கூட்டினால் கூடும். 10 பாகை புடைப்புடைய 52-ஐ 50 ஆக்கினால் புடைப்பு 8 ஆகிவிடும். அது பொறுத்துக்கொள்ளத்தக்கது. சாண்ட் வெட்ஜை நான்கு பாகை நிமிர்த்தினாலோ, அது மணலில் வழுக்காமல் மண்வெட்டியாகப் பாயும். மழைக்காலத்தில் தரை நெகிழ்ந்து கிடக்கும் திருவனந்தபுரம் போன்ற ஊர்களில், புடைப்புக் குறைந்த மட்டை பந்துக்குப் பின்னுள்ள மண்ணைத் தோண்டி நின்றுவிடும். தூரக் கணக்கைச் சரிசெய்யப் போய், மட்டையின் தொழிலையே கெடுத்துக்கொள்ளலாகாது. ஆகவே, இடைவெளியைச் சமன்செய்ய நடு மட்டையை நகர்த்துவது நலம். மணல் மட்டையை இயன்றவரை அதன் போக்கில் விடுவது நலம்.

வளைப்பதற்கு முன் அளக்க வேண்டும். இதைப் பலர் தலைகீழாகச் செய்கின்றனர். பாகைகளைச் சமமாக வகுத்துவிட்டால் தூரமும் தானே சமமாகும் என்று எண்ணுகின்றனர். தண்டின் நீளம், தலையின் எடை, ஆடுபவரின் வீச்சு ஆகிய எல்லாம் தூரத்தில் கை வைக்கின்றன. ஆலையிலிருந்து வரும் மட்டையே பொறித்த எண்ணிலிருந்து ஒரு பாகை விலகியிருப்பதும் உண்டு. ஆகையால் ஒரே வகைப் பந்துகளைக் கொண்டு, ஒவ்வொரு வெட்ஜாலும் பத்துப் பதினைந்து முறை அடித்து, தவறிப்போன அடிகளை நீக்கிவிட்டு, பந்து காற்றில் கடந்து முதலில் தரை தொட்ட தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உருண்டோடிய தூரத்தைக் கணக்கில் சேர்க்கலாகாது. அது தரையின் தூரமேயன்றி மட்டையின் தூரம் அன்று. ராடார் கொண்டு அளக்கும் கருவிகள் இன்று வந்துவிட்டன. அவை இல்லாவிடில் ஆளை நிறுத்திக் காலடியால் அளந்தாலும் போதும்.

நம் நாட்டின் சிறந்த தொழில்முறை வீரர்கள் சிலருக்கு இந்த அறிவு கருவியால் வந்ததன்று. 1991-ஆம் ஆண்டில் இந்தியன் ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், பிறர் பையைச் சுமந்து வாழ்வைத் தொடங்கியவர். 2009-ல் அதே பட்டத்தைப் பெற்ற பெங்களூர் சின்னசாமி முனியப்பாவும் அவ்வாறே. கல்கத்தாக் கழகத்துப் புல்தளத்தைப் பேணிய தொழிலாளியின் மகனான எஸ்.எஸ்.பி. சௌரசியா, 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றார். அவர் நெடுந்தூரம் அடிப்பவர் அல்லர். குறுந்தூர அடியின் நுட்பமே அவருடைய படைக்கலம். இரவல் மட்டையை வைத்துக் கற்பவனுக்கு எண்ணில் நம்பிக்கை வைக்க வழியில்லை. கையில் கிடைத்த ஒவ்வொன்றையும் அடித்துப் பார்த்தே அவன் அறிய வேண்டும். வசதியுடையோர் புத்தம்புதிய தொகுதியை வாங்கிக்கொண்டு இழந்துவிட்ட அறிவு அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. புதிய வெட்ஜ் வாங்க இயலாத இளைஞனுக்கு, உள்ள வெட்ஜை இரண்டு பாகை நகர்த்தித் தரும் பட்டறைக்காரர் செய்யும் உதவி சிறிதன்று.

குறித்து வைத்த தூரமும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. கடல் மட்டத்தை ஒட்டிய கவடியாரில் அளந்த கணக்கோடு, ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த கொடைக்கானலுக்கோ உதகைக்கோ சென்றால், காற்று மெலிந்திருப்பதால் பந்து ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போகும். 96 கஜ மட்டை அங்கே நூறு கஜத்தைத் தாண்டிவிடும். அதற்காக மலைக்கு ஒருமுறை, ஊருக்கு ஒருமுறை என்று கழுத்தை வளைப்பது அறிவுடைமை ஆகாது. வளைக்க வளைக்க இரும்பு களைத்துப்போகும். மலைக் கணக்கைத் தனியே ஒரு சீட்டில் எழுதிக்கொள்வதே முறை.

மிருதுவான எஃகில் செய்த தலை, கெட்டித் தரையில் அடித்து அடித்து, வளைக்காமலே ஒரு பாகை இளகிவிடுவதும் உண்டு. ஆதலின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கோணமானியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அதை ஆட்டத்தின் நடுவே செய்ய முடியாது. ஒரு சுற்று தொடங்கிய பின்னர் மட்டையின் இயல்பை வேண்டுமென்றே மாற்றி, அதைக் கொண்டு அடிப்பது விதிக்கு மாறானது. வளைப்பு, அராவுதல், அளவை எல்லாம் முந்தைய நாளே பட்டறையில் முடிந்துவிட வேண்டும்.